சொல்லி வாங்கும் கடை

எங்கள் சலவைக் கடையில் யாரும் துணியைச் சும்மா வாங்கிப் போட்டுக்கொள்வதில்லை. சொல்லித்தான் வாங்குவோம். அது என் அப்பா வைத்த முறை. வாடிக்கையாளர் ஒரு கோட்டைக் கொண்டுவந்தால் அதை மேசையில் விளக்குக்கு நேர் கீழே விரித்து, முன்னும் பின்னும் திருப்பி, கண்ணில் படும் குறை ஒவ்வொன்றையும் அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். "காலர் நைஞ்சிருக்கு. மூணாவது பொத்தான் வேற நிறம். பையோரத்துல மைக்கறை, பழசு, முழுசாப் போகாது." சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி. "நீங்க சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?" அப்போதுதான் சிலர் குரலைத் தணித்துக்கொண்டு, வீட்டிலேயே எதையோ தேய்த்துப் பார்த்து நிறம் போனதைச் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் டோக்கன்.

வந்த கறை எது, நாங்கள் வைத்த கறை எது என்பதில் எங்கள் கடையில் வழக்கு வந்ததே இல்லை. நாங்கள் வைத்ததென்றால் மறுபேச்சில்லாமல் ஈடு கொடுப்போம். துணியோடு வந்ததென்றால் மந்திரி வந்து நின்றாலும் ஒப்புக்கொள்ள மாட்டோம். குடும்ப மானம் என்று நான் சொல்வது இதைத்தான். எங்கள் உறவினர்கள் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

என் அப்பாவுக்குப் பிறகு அந்த மேசையில் சரியாக நின்றவள் என் மருமகள். ஜன்னல் வெளிச்சத்தில் துணியை ஒருமுறை உதறினால் போதும், எங்கே இழை விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். "பெண் பார்க்கப் போன இடத்துல என் சட்டையைத்தான் முதல்ல பார்த்தா" என்று என் மகன் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். மகன் போன பிறகும் அவள் மேசையை விடவில்லை. வேண்டாம் என்றேன். "வீட்டுல உக்காந்தா சுவரெல்லாம் பேசுது மாமா" என்றாள்.

மகன் எப்படிப் போனான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் ஊரில் இல்லை, இயந்திரம் ஒன்று பார்க்கப் போயிருந்தேன். மதிய நேரம். என் தம்பி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தான், வேலைக்காரர்களும் வெளியே போயிருந்தார்கள். ஒரு பெண்மணி அவசரமாக வந்து தன் சாம்பல் நிறக் கோட்டைக் கேட்டிருக்கிறார். மேசையில் நின்ற மருமகள், "அதைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன்" என்று என் மகனைப் பின்னறைக்கு அனுப்பினாள். பின்னறையில்தான் சலவைத் திரவப் பீப்பாய்கள். பழைய மோட்டாரில் ஒரு பொறி. முன்பக்க வழி முழுக்க நெருப்பு. பின்பக்கம் சந்துக்குப் போகும் கதவு ஒன்று உண்டு. அது சூட்டில் இறுகிக்கொண்டது, தான் ஓடிவந்து இழுத்துத் திறக்கும்போது காலம் கடந்துவிட்டது என்று தம்பி அதிகாரிகளிடம் சொன்னான். அவன் வலது உள்ளங்கை வெந்து போயிருந்தது. சாவு வீட்டில் உறவினர் ஒவ்வொருவராக வந்து அந்தக் கையைப் பிடித்துப் பார்த்து அழுதார்கள். நானும் பிடித்துப் பார்த்தேன்.

என் தம்பிக்குக் கடையில் 'சாவிக்கொத்து' என்று பெயர். இஸ்திரிக்காரர் வைத்தது. இடுப்பில் எந்நேரமும் சாவிகள் குலுங்கும். "சின்ன முதலாளி வர்றது காதுல விழும், போறதும் காதுல விழும். சும்மா இருக்கிறவனுக்கு அதுதான் மணி" என்பார் இஸ்திரிக்காரர்.

நெருப்புக்குப் பிறகு கடையைச் செப்பனிட்டுத் திறந்தோம். கொஞ்ச நாளிலேயே ஒன்று என் கண்ணில் பட்டது. மருமகள் துணியைச் சொல்லாமல் வாங்குகிறாள். விரிக்கிறாள், பார்க்கிறாள், வாய் திறப்பதில்லை. டோக்கனைக் கொடுத்து அனுப்பிவிடுகிறாள். ஒருநாள் ஒருவர் தன் மேல்கோட்டைத் திரும்ப வாங்கும்போது கைமடிப்பில் சிகரெட் சுட்ட ஓட்டையைக் காட்டிச் சத்தம் போட்டார். அது அவரே கொண்டுவந்த ஓட்டை. கோட் வந்த அன்று நானே பார்த்தேன்.

"ஆமாங்க. எங்க தப்புதான். மன்னிச்சிடுங்க" என்றாள் மருமகள். தன் கைப்பையிலிருந்து ஈட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் போனதும் இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். "ஏம்மா, இந்தக் கடையில தீக்குச்சியைக்கூட உள்ள விடறதில்ல. சிகரெட்டை யாரு, நானா பிடிச்சேன்?"

அவள் சிரிக்கவில்லை. "எல்லாம் நம்மளோடதா இருந்தா என்ன அண்ணே, இப்ப" என்றாள்.

இந்த விஷயம் ஊரில் பரவ எத்தனை நேரமாகும்? வீட்டில் காபி சிந்திய சட்டை, எலி கடித்த கம்பளி, எல்லாம் எங்கள் கடையைத் தேடி வந்தன. எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள். என் அப்பாவின் முறை என் கண்ணெதிரே நாறிக்கொண்டிருந்தது. ஒரு காலை கடை திறப்பதற்கு முன் அவளை நிறுத்திக் கேட்டுவிட்டேன்.

"உனக்குக் கண் தெரியலையா, இல்ல வாய் வரலையா?"

அவள் மேசை விளிம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "காலையில கண்ணு முழிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பேச்சு வந்து தலைமாட்டுல உக்காந்துருது மாமா. 'நீதான் அனுப்பிக் கொன்னே'ன்னு. பல் தேய்க்கும்போதும் அதுதான். துணியை விரிச்சாலும் அதுதான். அவ்வளவு பெரிய கறையை வச்சுக்கிட்டு, அடுத்தவங்க கோட்டுல இருக்கிறதை நான் எப்படிச் சொல்றது?" சற்று நிறுத்தினாள். "அது என் குரல்லகூட இல்ல."

"யார் குரல்ல?"

சுகாதார நிலையத்தில் ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், பேசப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. எங்கள் வீட்டு விஷயத்தை, கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒருத்தியிடம் போய்க் கொட்டுவதா? தம்பி மனைவி என்னைவிட ஒருபடி மேலே போனாள். "நாலு சுவத்துக்குள்ள அழுதா போதாதா? வெளியில போய் நம்ம பேரைக் கெடுக்கணுமா?" என்றாள். அவள் அவ்வளவு வேகமாக ஆமோதித்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்று அப்போது தெரியவில்லை.

"போ. ஆனா நானும் கூட வருவேன்" என்றேன் மருமகளிடம்.

"வாங்க" என்றாள். அவள் மறுப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

ஆலோசகரின் அறை ஒரு கிடங்கை இரண்டாகத் தடுத்துச் செய்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ மருந்துப் பெட்டிகளை இழுக்கும் சத்தம். மூன்று நாற்காலிகள், ஒரு சின்ன மேசை, தண்ணீர்க் குப்பி. ஆலோசகர் என் மகனைவிடக் கொஞ்சம் மூத்த பெண்மணி. நரையை மறைக்கவில்லை, அது ஒன்று எனக்குப் பிடித்தது.

"ஐயா வெளியில இருக்கலாமே" என்றார்.

"இருக்கலாம். இருக்க மாட்டேன்."

அவர் மருமகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். "சரி. ஆனா நான் கேக்கற கேள்விக்கு அவங்கதான் பதில் சொல்லணும்" என்றார். வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்கிறார் என்று புரிந்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஊரில் எல்லோரும் சொல்வதைத்தான் இவரும் சொல்வார் என்று நினைத்திருந்தேன். 'உன் தப்பில்லம்மா, விதி, மறந்துடு.' அதை அவர் சொல்லவில்லை. அந்தப் பேச்சைச் சொல்லச் சொன்னார். மருமகள் சொன்னாள். "நீதான் அனுப்பிக் கொன்னே."

"இதுல நடந்தது எது? மனசு ஒட்டவச்சது எது?"

"எல்லாம் நடந்ததுதான்."

அன்று அதற்குமேல் நகரவில்லை. அடுத்த முறையும் அப்படித்தான். மூன்றாவது முறை ஆலோசகர் அதைத் தொடவே இல்லை. கடையில் என்ன வேலை என்று கேட்டார். மருமகள் சொல்ல ஆரம்பித்தாள். துணியை எப்படி விரிப்பது, என்ன சொல்வது, கடைசியில் என்ன கேட்பது. அவள் அவ்வளவு பேசி நான் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"கறையோட பேரைச் சொல்வீங்களா, இல்ல 'இந்தக் கோட்டே குப்பை'ன்னு சொல்வீங்களா?" என்றார் ஆலோசகர்.

"அய்யோ, அப்படிச் சொன்னா யாரு வருவாங்க? எது இருக்கோ அதைத்தான் சொல்லணும். எங்க, எவ்வளவு, பழசா, புதுசா. அவ்வளவுதான்."

"அப்ப அந்த நாளை இந்த மேசையில விரிங்க. அதே மாதிரி சொல்லுங்க. நீங்க பார்த்ததும் செஞ்சதும் மட்டும்."

என் அப்பாவின் முறையை எடுத்து விளையாட்டுச் சாமானாக்குகிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. எழுந்துவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் மருமகள் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் பரப்பி வைத்துவிட்டாள். தோள் நிமிர்ந்தது. அது கடையில் அவள் நிற்கும் நிலை. குரலும் கடைக் குரல்.

"ஒரு அம்மா வந்து நின்னாங்க. சாம்பல் கோட்டு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னாங்க. நான் அவரை அனுப்பினேன்."

"அனுப்பும்போது உங்களுக்கு என்ன தெரியும்?"

"அந்த அம்மாவுக்கு அவசரம்னு தெரியும்."

"நெருப்பு?"

"இல்ல. அப்ப இல்ல." முதன்முறையாக அந்த இடத்தில் அவள் நின்று பார்த்தாள். "அதுக்கு முந்தின நாள்கூட அப்படித்தான் அனுப்பினேன். தினமும் அனுப்புவேன். அவரும் என்னை அனுப்புவார்."

"அப்புறம்?"

"சத்தம். புகை. முன்பக்கமா போகப் பார்த்தேன், முடியல. தெருவைச் சுத்திச் சந்துப் பக்கம் ஓடினேன். அவர் உள்ளயிருந்து கதவைத் தட்டிட்டிருந்தார். பூட்டு தொங்குச்சு. இழுத்தேன். வரல. கல்லைத் தேடினேன், கிடைக்கல. சாவிக்காக முன்னாடி ஓடினேன். அந்தக் கதவை விட்டுட்டு நான் ஓடியிருக்கக் கூடாது. அங்கதான்..."

"பூட்டா?" என்றேன். பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததை மறந்துவிட்டேன்.

அவள் திரும்பினாள். "ஆமா மாமா. வெளிப்பக்கம். பித்தளைப் பூட்டு."

"இதை ஏன் நீ சொல்லவே இல்ல?"

"எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சேன். நான் முன்னாடி ஓடி மயங்கிட்டேன். கண் முழிச்சப்ப ஆஸ்பத்திரி. சின்ன மாமாதான் திறந்தாருன்னு சொன்னாங்க. பூட்டைத் திறந்தாருன்னு நினைச்சேன். அதை உடைக்காம விட்டது நான்தானேன்னு..." அவள் குரல் கடைக் குரலிலிருந்து வழுக்கிக்கொண்டிருந்தது.

நான் கடையில் இருக்கும் நாளில் அந்தக் கதவு பூட்டப்பட்டதில்லை. ஆள் வேலை செய்யும் அறையைப் பூட்டக்கூடாது என்பதும் என் அப்பா சொன்னதுதான். பித்தளைப் பூட்டு எங்கள் வீட்டில் ஒருவனிடம்தான் உண்டு. அவன் உள்ளங்கை ஏன் வெந்தது என்பதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே எனக்கு விளங்கியது. கதவு சுட்டிருக்கும்தான். பூட்டும் சுட்டிருக்கும். அந்தப் பூட்டை அந்தக் கையாலேயே கழற்றிப் பைக்குள் போட்டிருக்கிறான்.

அந்நியர் முன்னால் குடும்ப விஷயம் பேசுவது எனக்குச் சாவுக்குச் சமம். ஆனால் மேசைமேல் துணி விரிந்தாகிவிட்டது. கண்ணில் பட்டதைச் சொல்லாமல் வாங்க என் அப்பா எனக்குச் சொல்லித்தரவில்லை.

"அந்தப் பூட்டு என் தம்பியோடது. கதவு இறுகிடுச்சுன்னு எங்க எல்லார்கிட்டயும் சொன்னான்" என்றேன்.

தடுப்புக்கு அப்பால் பெட்டி இழுக்கும் சத்தம் கேட்டது. மருமகள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சின்னத்தை குரல்" என்றாள். என் தம்பி மனைவியைத்தான் சொன்னாள். "காலையில வர்ற பேச்சு. பதினாறாம் நாளுக்கு முன்னாடி என் பக்கத்துல உக்காந்து, தலையைத் தடவிக்கொடுத்துட்டே சொன்னாங்க. 'நீதானேம்மா அனுப்பினே, பாவி'ன்னு. அன்பாத்தான் சொன்னாங்கன்னு நினைச்சேன்."

ஆலோசகர் தண்ணீர்க் குப்பியை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு ஒன்று சொன்னார். "பூட்டு வேற ஒருத்தரோடதுங்கிறதால மட்டும் இது உங்க தப்பு இல்லாமப் போகல. பூட்டே இல்லேன்னாலும், ஒரு கோட்டு எடுக்க அனுப்பினது ஒரு கோட்டு எடுக்க அனுப்பினதுதான்." அந்த நேரத்தில் எனக்கு அது புரியவில்லை. மருமகளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். அப்போதுதான் அழுதாள்.

நான் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து சாவிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"பூட்டினியா?"

அவன் நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. பேச்சு பிற்பாடு வந்தது. "சட்டைங்க காணாம போய்க்கிட்டு இருந்துச்சு அண்ணா. சாப்பிடற நேரம் மட்டும்தான் பூட்டுவேன். அவன் உள்ள போவான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அது எனக்கும் தெரியும். தெரியாம பூட்டினேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா உன் கூட உக்காந்து நான் அழுதிருப்பேன். பூட்டைப் பையில போட்டுட்டு, கையை மட்டும் காட்டினியே."

"சொன்னா கடை இருக்குமா? நம்ம பேரு இருக்குமா?"

"அதுக்காக அந்தப் பொண்ணு தலையில வச்சியா?"

"நான் வைக்கல. அவளாத்தான் எடுத்துக்கிட்டா" என்றான். நான் என் வாழ்நாளில் கேட்ட சொற்களில் இதைவிடக் கேவலமானது இல்லை.

அவன் மனைவி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "போனவன் திரும்பி வரவா போறான்? இருக்கிறவங்க மானத்தை ஏன் சந்தியில ஏத்தறீங்க?"

"உங்க மானத்தைத்தான் இத்தனை நாளா அவ சுமந்துக்கிட்டு இருந்தா. இறக்கி வைக்கச் சொல்றேன். அவ முன்னாடி வந்து, பூட்டினது நான்னு இவன் ஒரு தடவை சொல்லணும். அது வரைக்கும் என் வீட்டு வாசல்ல யாரும் கால் வைக்கக் கூடாது. கடைக்கு வரணும்னா, வாடிக்கையாளர் வர்ற வழியா வாங்க."

அதிகாரியிடமும் போய்ச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெரியவரே, சொந்தத் தம்பி" என்றார். "அதனாலதான் நானே வந்தேன்" என்றேன். விசாரணை அதன் நடையில் நடக்கிறது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் அந்த வாய் இந்தப் பக்கம் திறக்கும் என்று நான் நினைக்கவில்லை. மருமகள் என் புத்தியைக் கெடுத்துவிட்டாளாம். புருஷனை முழுங்கியது போதாதென்று அண்ணன் தம்பியைப் பிரித்துவிட்டாளாம். வெந்த கையோடு திரிகிற மனுஷன் மேல் பழி போடுகிறாளாம். என் சொந்த அக்கா என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இஸ்திரிக்காரர் மட்டும் ஒருநாள் துணியில் தண்ணீர் தெளித்தபடி சொன்னார். "நீங்க இல்லாத நாள்ல சின்ன முதலாளி பூட்டுவாருங்க. எங்களுக்கு அது ஒரு கேலி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்." அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கேலிக்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மருமகள் குணமாகிவிட்டாள் என்று கதை கட்ட மாட்டேன். பூட்டு யாருடையது என்று தெரிந்த மறுநாள் காலையிலும் அந்தப் பேச்சு அவள் தலைமாட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. இன்றும் வருகிறது. அதை விரட்டச் சொல்லி ஆலோசகர் சொல்லவில்லை. விரித்துப் பார்க்கச் சொன்னார். சில காலை அவள் அடுப்பு முன்னால் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது என் காதில் விழும். "அனுப்பினேன். கோட்டு எடுக்க. நெருப்பு இருக்குன்னு தெரியாது. பூட்டை இழுத்தேன். வரல. சாவிக்கு ஓடினேன்." அதில் 'கொன்னேன்' என்ற சொல் இருக்காது. சில காலை அது தானாக நுழைந்துவிடும். அன்று காபி கருகும். நான் எதுவும் கேட்காமல் குடிப்பேன்.

மேசையில் வாய் திரும்பி வந்தது. ஒரு பெண்மணியின் திரைச்சீலையை விரித்து, "இது பூனை நகம்" என்றாள். "எங்க வீட்டுல பூனையே இல்லையே" என்றார் அவர். "அப்ப ஜன்னலை மூடி வைங்க, வேற யாரோட பூனையோ வந்து போகுது." இஸ்திரிக்காரர் ஆவிக்குள் திரும்பிக்கொண்டு சிரித்தார். நான் அப்பாவின் படத்தைப் பார்த்தேன்.

தம்பி வந்தது போன வாரம். கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சாவிகள் குலுங்கும் சத்தம் கேட்டே நான் நிமிர்ந்தேன். வாடிக்கையாளர் வரும் வழியாகத்தான் வந்தான், நான் சொன்னபடி. கையில் தன் கறுப்புக் கோட். நான் எழுந்திருக்கவில்லை. என் மகன் கல்யாணத்துக்கு அவனுக்கு நானே துணி எடுத்துக் கொடுத்துத் தைத்த கோட் அது.

அவன் அதை மேசைமேல் வைத்தான். வலது கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றான். தழும்பு வெளிச்சத்தில் பளபளத்தது. மருமகள் கை எடுக்கும் வரை காத்திருந்தாள். பிறகு விரித்தாள்.

"காலர் நல்லாயிருக்கு" என்றாள். அதே கடைக் குரல். "இடது தோள்ல தையல் விட்டிருக்கு. உள் துணி மங்கியிருக்கு. வலது பை அடியில ஓட்டை. கனமா எதையோ போட்டு வச்ச ஓட்டை. பையோரத்துல பித்தளைக் களிம்புக் கறை, பழசு. முழுசாப் போகாது."

கோட்டைத் திருப்பிப் போட்டு மடிப்பை நீவினாள். பிறகு யாரிடமும் கேட்பதைப் போல அவனிடமும் கேட்டாள்.

"நீங்க சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?"

இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். ஒரு வரிதான். அதைச் சொல்லியிருந்தால் நான் மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அவன் தோளைப் பிடித்திருப்பேன்.

"இல்லம்மா" என்றான். "வேற ஒண்ணுமில்ல."

மருமகள் தலையசைத்தாள். டோக்கனைக் கிழித்து அவன் முன்னால் வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை வாங்க. தையல் போட்டுத் தரோம். அந்தக் களிம்பு உங்களோடதுதான், எங்க கணக்குல வராது."

அவன் டோக்கனை எடுத்துக்கொண்டு போனான். சாவிச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. அவள் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போய் அதற்கான கம்பியில் மாட்டிவிட்டு வந்தாள். பிறகு அடுத்தவர் துணியை விரித்தாள். செவ்வாய்க்கிழமை போய்விட்டது. கோட் இன்னும் அங்கேதான் தொங்குகிறது.